பால்கனியில் பிடித்து வைத்த இடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. போன மார்ச்சில், சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில்.

மேகலா தியேட்டரை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் தீபாவளிப் படத்துக்கு ரோடு வரை கூட்டம் நிற்குமாம். இப்போது அதை இடிக்காமல் புதுப்பிக்கிறார்கள். அப்போது அந்த வேலையில் இருந்தவள் தாரணி. மறுவாரம் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளை ஜெய்க்குத் தன் தியேட்டரைக் காட்டிவிட ஆசை.

"பால்கனி சீட்டெல்லாம் நாளைக்குக் கழட்டிடுவோம்மா. இன்னைக்கே பாத்துடுங்க," என்று சாவியைக் கொடுத்தார் சூப்பர்வைசர் முகைதீன்.

மேலே ஜன்னல் கிடையாது. டார்ச் வெளிச்சம்தான். ஆள் எழுந்ததும் தானாக மடிந்துகொள்ளும் பழைய ஸ்பிரிங் நாற்காலிகள். எல்லாம் மடிந்தே நின்றன. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் விரிந்திருந்தது. அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டை. அதில் மட்டும் தூசி இல்லை.

"யாரோ இடம் பிடிச்சிருக்காங்க," என்றாள் தாரணி. இந்த ஊரில் இடம் பிடிக்க, இன்று சாப்பாட்டுக் கடை மேஜையில் டிஷ்யூ பாக்கெட் வைப்பார்கள். அன்று தியேட்டரில் கைக்குட்டை. பிடித்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள்.

"முப்பது வருஷமாவா? ரொம்ப லேட் லா!" ஜெய் கைக்குட்டையை முன்வரிசைக்கு வீசிவிட்டு உட்கார்ந்தான். "போட்டோ எடு. உன் சீட்டையும் பிடிச்சு வச்சுட்டுப் போ."

அவள் சிரித்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியின் மடிப்பில் தன் டிஷ்யூ பாக்கெட்டைச் செருகினாள். முன்னால் போய் போனை உயர்த்தினாள்.

டப்.

வரிசையின் கடைசி நாற்காலி. விரிந்தது, மடிந்தது.

டப்... டப்... யாரோ இடித்துக்கொண்டு நகர்ந்து வருவதுபோல. அந்தச் சத்தம் ஜெய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"தாரணி... என் மடில யாரோ..."

"விளையாடாத ஜெய்."

"கனக்குது. எழுந்திரிக்க முடியல..."

அவன் தொடைமேல் துணி அமுங்கியிருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கைக்குட்டை! தடவித் தேடி எடுத்தாள். ஈரம். இளஞ்சூடு.

அதை அவன் மடியில் வைத்தாள். "உங்க இடம்தான். தெரியாம உக்காந்துட்டாரு... எனக்கு அவர் வேணும். விட்டுடுங்க."

ஒரு பெருமூச்சு.

அவளுடையது இல்லை. அவனுடையதும் இல்லை.

ஜெய் முன்னால் சரிந்தான். இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் சாயங்காலம் முகைதீன் போன் செய்தார்.

"மத்த எல்லா சீட்டும் கழட்டியாச்சும்மா. கடைசி வரிசையில ஒண்ணுதான் விரிஞ்சே கெடக்கு. ரெண்டு பேர் தூக்கியும் மடிய மாட்டேங்குது. அதுமேல டிஷ்யூ பாக்கெட் இருக்கே, உங்களுதா?"

அவள் பாக்கெட்டைச் செருகியபோது அந்த நாற்காலி மடிந்துதான் இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போது சுவா சூ காங் வட்டாரத்தில் குடித்தனம். தாரணி அந்த வேலையை விட்டுவிட்டாள். டிஷ்யூ பாக்கெட்டை எடுக்க அவள் போகவில்லை. வேறு யாரும் எடுக்கவும் இல்லை.

பிடித்து வைத்த இடத்தை இங்கே யாரும் தொடமாட்டார்களே...