படகுக்குத் துண்டு போட்டவர்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் திருநெல்வேலி டவுணில் ஒரு பேச்சு உலவியது. ஆவுடைநாயகம் பிள்ளை சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏறினாராம். ஆபத்துக் காலத்துக்கென்று கப்பலின் பக்கவாட்டில் படகு தொங்குமே, அதைப் பார்த்தாராம். பார்த்த கையோடு, டவுண் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் போடுவது போல அதற்குள் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டாராம். வெள்ளைக்காரன் ஒருத்தன் துண்டை நகர்த்திவிட்டு உட்காரப் போனதாகவும், பிள்ளைவாள் "ஆளு வருது, ஆளு வருது" என்று தமிழிலேயே அவனை விரட்டியதாகவும் மேலரதவீதியில் சொன்னார்கள். பேச்சு கீழரதவீதிக்கு வந்து சேர்ந்தபோது அந்த வெள்ளைக்காரன் கப்பல் கேப்டனாகியிருந்தான்.

எந்தப் பேச்சுக்கும் ஒரு ஊற்றுக்கண் இருக்கும். இதன் ஊற்றுக்கண்ணைத் தேடிக்கொண்டு போனால், அல்வாக் கடை கூட்டத்தைத் தாண்டி, வாகையடி முக்கில் நாறும்பூநாதனின் ஜவுளிக்கடையில் கொஞ்சம் நின்று, கடைசியில் ஆவுடைநாயகத்தின் வீட்டு வாசலிலேயே போய் முட்டுகிறது. கதையைக் கிளப்பியவர் அவரேதான். தன்னைப் பற்றித் தானே வதந்தி கிளப்புகிறவர் ஒன்று அரசியலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைவிட மோசமான எதையோ மறைக்க வேண்டும். ஆவுடைநாயகம் அரசியலில் இல்லை.

அவர் ஆயுள் காப்பீட்டுக்காரர். முப்பது வருஷம் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலுமாகச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றோரமாகவே போய் பாலிசி பிடித்து ஓய்வு பெற்றவர். அவர் விற்ற சரக்கு பயம். நெல் அவிக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், புதுமாப்பிள்ளை, யாராக இருந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, வீட்டுல என்ன செய்வாக அண்ணாச்சி?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேலையும் மிச்சம். சுவரில் தண்ணீர் நின்ற கறையை விரலால் தொட்டுக் காட்டுவார்; கையெழுத்து தானாக விழும். ஊரையே பயமுறுத்தியவருக்குப் பயம் என்றால் என்ன என்று கப்பலில்தான் தெரிந்தது. அது தண்ணீரைப் பற்றிய பயமாகவே இருந்திருந்தால் அவர் சீக்கிரம் தேறியிருப்பார்.

கப்பலிலிருந்து வந்து இரண்டு வருஷம் கழித்து, தைப்பொங்கலன்று சிங்கப்பூரிலிருந்து மகள் அனுராதா போனில் பேசினாள். மனைவி சண்முகசுந்தரி பொங்கல் பானை, கரும்பு, பேரனின் சளி எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, போனை வைக்கிற நேரத்தில் சொன்னாள்: "ஏட்டி அனு, எனக்கு மறுபடியும் அந்தக் கப்பல்ல போணும் போல இருக்கு."

கரும்பு கடித்துக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்துக்குச் சக்கை தொண்டையில் சிக்கியது. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணிகூடக் கேட்டு வாங்காதவள். அவள் ஏன் கப்பல் கேட்கிறாள்? அதுவும் மறுபடியும்?

மருமகன் குருபிரசாத் கூரியரில் இரண்டு கப்பல்களின் படப்புத்தகங்களை அனுப்பிவைத்தான். ஒன்று முன்பு போன பழைய கப்பல். இன்னொன்று புதிது, சங்கரன்கோவில் தேர் மாதிரி அடுக்கடுக்காக உயர்ந்தது. எந்தக் கப்பல், எந்தத் தட்டு, எந்த அறை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட வேண்டும். சண்முகசுந்தரி கூடத்தில் கப்பலின் வரைபடத்தை விரித்து, பறக்காமலிருக்க மூலைகளில் அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தலையிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை உருவி, அதன் முனையால் கோடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஆவுடைநாயகம் நாற்காலியில் பேப்பர் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அந்த ஊசியையே பார்த்தார். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், கடை கண்ணி எதன் பக்கமும் அது போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு அறைவாசலில் புறப்பட்டு, நடையில் பைய ஊர்ந்து, மாடிப்படியில் போய் நின்றது. பிறகு அடுத்த அறைவாசல். மறுபடியும் மாடிப்படி.

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்த ரூம் ஆகாது சுந்தரி," என்று எழுந்து வந்தார். "கட்டில் கெடக்க லெச்சணத்தப் பாரு. வடக்க தலவச்சுல்லா படுக்க வேண்டியிருக்கும்."

"அப்ப இது?"

"இதுல கக்கூஸு ஈசானிய மூலையில இருக்கு. குடும்பத்துக்கு ஆகவே ஆகாது."

இதையே அவர் மகளிடமும் போனில் சொல்லியிருந்தார். அவள் சிரித்தாள். "அப்பா, கப்பல் திரும்பிக்கிட்டேல்லா இருக்கும். காலையில வடக்கா இருந்தது சாயங்காலம் தெக்காயிரும்."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன். மூலை முடுக்கு ஒண்ணும் நெலையா நிக்காத எடத்துல மனுசன் எப்படிக் குடியிருக்க?"

நாறும்பூநாதன் கடையில் அவரைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். "என்னவே, மறுபடியும் கப்பலாமே! இந்தத் தடவ எத்தன துண்டு வேணும்? மொத்த வெலைக்கே போட்டுத் தாரேன்."

"ரெண்டு குடும். ஒண்ணு கேப்டனுக்கு," என்றார் ஆவுடைநாயகம். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவருக்குத் தெம்பாக இருந்தது. துண்டைப் பார்த்துச் சிரிக்கிறவரைக்கும் யாரும் துண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கப்போவதில்லை.

நடந்தது இதுதான். முதல் பயணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அடித்தட்டில் ஜன்னல் இல்லாத அறை. மகள் குடும்பத்துக்கு இரண்டு தட்டு மேலே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயர்ந்திருந்தார். சண்முகசுந்தரி குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று சங்கு ஊதியது. மில் சங்கு மாதிரி ஒரே ஊதலாக இல்லை. விட்டு விட்டு, விட்டு விட்டு, கடைசியில் நீளமாக. ஒலிபெருக்கியில் யாரோ சீன மொழியில் படபடவென்று பேசினார்கள். கதவுக்கு வெளியே திமுதிமுவென்று ஓடுகிற சத்தம். குளியலறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம்.

அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மிதவைச் சட்டைகள் இருந்தன. ஒன்றைத் தலைவழியாக மாட்டினார். இன்னொன்றைக் கையில் எடுத்தார். கதவைத் திறந்து ஓடினார். குளியலறைக் கதவு அவருக்கு இரண்டு முழ தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தட்டவில்லை. படி ஏறும்போது, "பிள்ளையாரப்பா, என்னயக் கரை சேத்துரு, விடலை போடுதேன்," என்று வேண்டிக்கொண்டார். விடலை என்றால் பிள்ளையாருக்கு முன்னால் சிதற அடிக்கிற தேங்காய்.

மேல்தட்டில் அனுராதா மிதவைச் சட்டையோடு, பேரனை இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். "எதுக்குப்பா இப்படி எரைக்குது? இது ஒத்திகை. எல்லாக் கப்பல்லயும் செய்வாங்க. அம்மா எங்க?"

அப்போதுதான் அவர் கரையைப் பார்த்தார். கப்பல் இன்னும் துறைமுகத்தில் கயிறு கட்டித்தான் நின்றுகொண்டிருந்தது.

அம்மா எங்கே என்ற கேள்விக்குப் பதிலாக அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, படகுக்குக் கீழே இருந்த பெஞ்சில் போட்டார். "அவளுக்கு எடம் பிடிக்கத்தான் முந்தி வந்தேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து சண்முகசுந்தரி படியேறி வந்தாள்; மேல்படியில் நின்ற கப்பல் சிப்பந்திப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். முகத்தில் இன்னும் ஈரம். அவளிடம் மிதவைச் சட்டை இல்லை. அவளுடையது அவர் கையில் இருந்தது. துண்டைப் பார்த்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். "எடம் பிடிச்சிட்டியளாக்கும்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு வந்ததும் ஆவுடைநாயகம் தெருமுக்குப் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு தேங்காயைச் சிதற அடித்தார். பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "ஒண்ணுதானா?" "ஒண்ணுதான வேண்டிக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். போனது இரண்டு பேர். வந்ததும் இரண்டு பேர். வேண்டிக்கொண்டது ஒரு உயிருக்கு.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டு வருஷமாக அவருக்கு அதே கவலை. அவள் குழம்பு ஊற்றும்போது வாயைத் திறந்தால் பயம். திறக்காவிட்டால் அதைவிடப் பயம். "ஏங்க" என்று அவள் கூப்பிட்டால் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். அது சிலிண்டர் தீர்ந்துபோன சங்கதியாக இருக்கும். இந்த லட்சணத்தில் மறுபடியும் அதே சங்கு, அதே படி, அதே ஓட்டம். மறுபடியும் ஓடமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். எத்தனை பேருக்குப் பாலிசி போட்டவர். ஆளைப் பார்த்தால் தெரியும். இந்த ஆள் ஓடுவான்.

ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தது. அவர் எடுத்து, மூலைமுடுக்கைப் பற்றி மறுபடியும் ஆரம்பிப்பதற்குள் சண்முகசுந்தரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, "இங்கன குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள்.

"பழைய கப்பல்தாம்ட்டி… புதுசு வேண்டாம்… ஆமா, அடித்தட்டுலயே போடு. ஜன்னல் எதுக்கு, கடலு என்ன ஓடியா போகப்போகுது?… இல்லட்டி, பயமெல்லாம் ஒண்ணுமில்ல. அதுல படி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒத்தையில ஏறிப் பாத்திருக்கேம்லா."

ஆவுடைநாயகம் பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கேளு. ரெண்டு கட்டிலும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு கெடக்குமே, நீளவாக்குல, அந்த மாதிரி ரூமாப் பாரு. வாசப்பக்கத்துக் கட்டில் எனக்கு. உங்கப்பா உள்ள படுத்துக்கிடுவாவ… ஏனா? அவுக எந்திரிச்சா எனக்குத் தெரியணும்லா."

போனை வைத்தாள். அடுக்களைக்குத் திரும்பினாள். அவர் பின்னாலேயே போனார்.

"சுந்தரி, அன்னைக்கு நீ உள்ள இருக்கேங்கத…"

"ஓடுனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல," என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே. "பயந்தா ஆரும் ஓடத்தான் செய்வாவ. சட்டை ரெண்டையும்லா கொண்டு போனிய! ஒண்ண வச்சிட்டுப் போயிருக்கலாம்."

அவர் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டார்.

"வீட்டுல என்ன செய்வாகன்னு ஊர்பூரா கேட்டிய. அன்னைக்கு நானே பாத்துக்கிட்டேன். மூஞ்சியத் தொடச்சிட்டு படியேறி வருவாக." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "பிள்ளையாருக்கு ஒரு தேங்கா பாக்கி கெடக்கு. கப்பலேறுததுக்குள்ள நெனப்பு வந்தா போடுங்க."

மறுநாள் காலையில் அவர் தெருமுக்குக்குப் போனார். பிள்ளையாருக்கு எதிரே பூவும் தேங்காயும் விற்கிற தங்கத்தாய், "வாங்க அண்ணாச்சி, மறுபடியும் கப்பலாம்லா! ஒண்ணா, ரெண்டா?" என்றாள்.

"ஒண்ணு."

"போன தடவயும் ஒண்ணுதான் வாங்கினிய," என்று, குடுமி நேராக இருக்கிற காயாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆவுடைநாயகம் பிள்ளையாருக்கு முன்னால் தேங்காயைத் தலைக்குமேல் தூக்கினார். என்ன சொல்லி உடைப்பது என்று அங்கேதான் சிக்கல் வந்தது. வேண்டிக்கொண்டு பிறகு கட்டத் தவறியிருந்தால் சமாளிக்கலாம். காலாவதியான பாலிசிக்கு உயிர்கொடுக்க எத்தனையோ வழி உண்டு, அவரே நூறு பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். அவர் இதை எடுக்கவே இல்லையே. எடுக்காத பாலிசிக்கு எந்த மேனேஜர் தவணை வாங்குவான்? பிள்ளையார் வாங்குவாரா? வாங்கிக்கொண்டு, 'இது எந்த உயிருக்கு, எப்போது கேட்டாய்?' என்று கேட்டால்? தூக்கிய கை வலித்தது. பின்னால் தங்கத்தாய் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. தேங்காயைப் பைய இறக்கி, பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சண்முகசுந்தரி பையைப் பார்த்தாள். தேங்காயை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தாள். சட்னிக்குத் தேங்காய் இல்லாத அன்றும் அதைத் தொடவில்லை. விளக்கேற்றுகிறபோது மட்டும் எடுத்து, காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம், கூடத்து நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறவருக்கும் கேட்கும்.

விமானத்துக்குப் புறப்படுகிற அன்றும் குலுக்கினாள்.

"இன்னும் வத்தல," என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசலில் டாக்சி நிற்கிறது என்று அவருக்கு முன்னால் நடந்தாள்.