வெள்ளைக்கார அம்மா தலையாட்டிய நாள்

போன மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். மேசைக்கு வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை. பெரிய கம்பனிகள் நியாயமாக நடக்கின்றனவா என்று யார் பார்க்க வேண்டும், சாமானை வாங்குகிற சனங்களா, அரசாங்கமா என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். இப்போது அதுதான் என் பிழைப்பு. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று யாரோ சொல்ல, மைக்கை என் பக்கம் நீட்டினார்கள். உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். "ரெண்டு பேரும்தான் பாக்கணும்" என்றேன். கைதட்டினார்கள். எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

இரண்டு பேரும் வந்து பார்த்த ஒரு தோட்டத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். பூண்டுலோயாவிலிருந்து மேலே போகிற பாதையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில்தான் பிறந்தேன். படித்து, ஒரு பரீட்சை எழுதி, அதே தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராகப் போய் உட்கார்ந்தேன். சனங்களுக்கு நான் 'வெல்பெயார் மிஸ்'. என் அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்கள்கூட ஆபீசுக்கு வந்தால் "மிஸ்" என்று கூப்பிட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன்?

எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி ஓர் அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழையில் என் புத்தகப் பையைத் தன் றப்பர் சீட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து விட்டவள். வாய் கொஞ்சம் நீளம். யாருக்கும் பயப்பட மாட்டாள். கங்காணி சத்தம் போட்டால், "மெதுவா பேசுங்க அண்ணே, கொழுந்து பயந்து சுருங்கிரப் போவுது" என்பாள். மலையே சிரிக்கும்.

எங்கள் தோட்டத்துத் தேயிலையை வெளிநாட்டில் வாங்குகிறவர்கள், தொழிலாளியை நல்லபடி நடத்துகிற தோட்டம் என்று ஒரு சான்றிதழ் இருந்தால்தான் வாங்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு வருசா வருசம் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஓடிட் என்று சொல்வோம். ஓடிட்டுக்கு ஒரு வாரம் முன்பே தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். லயத்துச் சுவரின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு. மலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பாய். பெண்களுக்குக் கையுறை, சப்பாத்து. "இந்த ஓடிட்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தா லயமெல்லாம் பங்களாவாயிரும்" என்றாள் அக்கா. சப்பாத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவளும் நான்தான், ஓடிட் முடிந்த மறுநாள் திரும்ப வாங்கி ஸ்டோருக்குள் அடுக்கியவளும் நான்தான்.

அந்த வருசம் ஏழாம் நம்பர் மலையில் ஒரு பெரிய டர்பன்டைன் மரத்தில் மூன்று குளவிக் கூடுகள் தொங்கின. எங்கள் பக்கம் யூகலிப்டசுக்கு டர்பன்டைன் என்றுதான் பெயர். ஒவ்வொரு கூடும் ஒரு முறத்தின் அகலம். குளவி கொட்டி ஆட்கள் செத்த கதை எங்கள் மலைநாட்டில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். பெண்கள் கண்டாக்கையாவிடம் சொன்னார்கள், அவர்தான் மலைக்குப் பொறுப்பு. பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் பிரிக்கும்போது தோட்டத்து மேனேஜரான துரையிடமே சொன்னார்கள். கூட்டைக் கலைக்க வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும், பார்ப்போம் என்றார். பார்க்கவில்லை. கடைசியில் பெண்கள் தாங்களாகவே ஒரு முடிவெடுத்து, மரத்தடியில் இருந்த இரண்டு நிரைகளில் கொழுந்து எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் கிலோ குறைந்து சிலருக்கு நாள் பேர் அரைப்பேராக, பாதிச் சம்பளமாக விழுந்தது. விழட்டும், உயிர் பெரிசு என்று இருந்தார்கள்.

ஓடிட்டுக்கு வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல பெண். இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஜீப்பில் போகலாம் என்றபோது வேண்டாம் என்று அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்தே வந்தார். அட்டை கடித்துக் காலில் இரத்தம் வடிந்ததைப் பார்த்துத் தானே சிரித்தார். ஏழாம் நம்பர் மலையில் பெண்களைச் சந்தித்ததும் துரையைப் பார்த்து, நீங்கள் கீழே போய் நில்லுங்கள், இவர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். துரை முகம் சிவந்து கீழே ரோட்டுக்கே போய்விட்டார். கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரம். பிறகு, மொழிபெயர்க்கக் கூடவே வந்திருந்த என்னிடம் திரும்பி, இந்த மலையில் வேலை செய்வதில் ஆபத்து ஏதாவது உண்டா என்று இவர்களிடம் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காதான் முன்னால் வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"அம்மா, அந்தா அந்த மரத்தப் பாருங்க. குளவிக் கூடு மூணு தொங்குது. கண்டாக்கையாகிட்ட சொன்னோம், தொரைகிட்ட சொன்னோம், ஒண்ணும் நடக்கல. அடியில உள்ள நெரைய நாங்க எடுக்கிறதில்ல. எடுக்காட்டி அரைப்பேரு போடுறாங்க. எடுத்தா உசிருக்குப் பயம். எங்களுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. அந்தக் கூட்டக் கலைச்சுக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: இங்கே பூச்சிகள் உண்டு, கவனமாக வேலை செய்யப் பழக்கியிருக்கிறார்கள்.

துரை பக்கத்தில் நின்றிருந்தால் பயத்தில் சொன்னேன் என்று இன்றைக்கு ஒரு சாக்காவது இருக்கும். அவர் இல்லை. முந்தின வாரம் ஆபீசில் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஒன்று சொல்லியிருந்தார். சான்றிதழ் போனால் வாங்குகிறவன் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவான், எனக்கு இன்னொரு தோட்டம் கிடைக்கும், உன் சனங்களுக்கு என்ன கிடைக்கும் என்று. அது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சனங்களைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். அதோடு அந்த நாற்காலியும் 'மிஸ்' என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது, சீ, என்ன வாயோ.

அந்த அம்மா கேட்டுக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று தரம் நன்றாகத் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அடுத்த மலைக்குப் போனார்.

தோட்டத்தில் தலையாட்டல் என்றால் சும்மா இல்லை. பெரட்டில் ஒரு குறையைச் சொன்னால் துரை ஒன்று ஏசுவார், இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலையாட்டிவிட்டார் என்றால் பேச்சு முடிந்தது, காரியம் நடக்கும். அதற்குப் பிறகும் வேலைக்கு முறுக்கிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. எழுத்தில் எங்கும் கிடையாது, ஆனால் ஆள் ஆளாக எல்லோருக்கும் தெரியும். துரைக்கே மேலான ஒரு அம்மா, நாலு பேர் முன்னால் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இனி என்ன வேண்டும்?

மறுநாள் பெரட்டில் அக்கா எழுந்து கங்காணியிடம், "அண்ணே, நாங்க சொல்ல வேண்டியத சொல்லிட்டோம். அந்தம்மா தலைய ஆட்டிட்டாங்க. இன்னைக்கு மரத்தடி நெரையையும் எடுக்கிறோம்" என்றாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. உன்னால்தான் என்கிற சிரிப்பு. நான் அங்கேதான் நின்றேன். போகாதே அக்கா, நான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். சொல்லவில்லை. ஆபீசுக்குள் போய்த் துரையிடம் குளவிக் கூட்டைப் பற்றி மெதுவாக ஞாபகப்படுத்தினேன். சான்றிதழ் கைக்கு வரட்டும், பிறகு செய்வோம் என்றார். சரி சேர் என்று வந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் கொஞ்சம் மறந்தேன். ஒரு காலை, இரவெல்லாம் மழை பெய்து வெயில் வந்த நேரம், பிள்ளைக் காம்பராவில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து பெண்களின் சத்தம் கேட்டது. கழுகு ஒன்று கூட்டைக் குலைத்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆறு பேருக்குக் கொட்டு. கொழுந்து லொறியில் படங்குச் சாக்கைப் போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் இரண்டு மூன்று நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார்கள். அக்கா மரத்துக்கு நேர் கீழே நின்றவள். முகம் முகமாகவே இல்லை. பிழைத்தாள். இடது கண் போனது. ஒரு கண்ணோடு அந்தச் சரிவில் ஏற முடியாது என்று தோட்டத்தில் பேர் வெட்டிவிட்டார்கள்.

பிறகு அரசாங்கமும் வந்தது. தொழில் அதிகாரி ஒருவர், விபத்தைப் பற்றி விசாரிக்க. மலைக்கு ஏறவில்லை. ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்தார். அந்த வாரம்தான் புதுச் சான்றிதழ் வந்து கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். அதை எழுந்து போய்ப் படித்தார். வெளிநாட்டுக்காரர்களே வந்து பார்த்துச் சரி என்று சொன்ன தோட்டம், நமக்கு இதில் என்ன வேலை என்று துரையிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். ஓடிட் அம்மாவின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, தொழில் பாதுகாப்பை அரசாங்க அதிகாரிகள் கவனிக்கிறார்களா என்று. ஆம் என்று அதில் கோடு போடச் சொன்னதும் நான்தான். இவர் அவரை நம்பினார், அவர் இவரை நம்பினார். இருவரும் நிம்மதியாகப் போனார்கள்.

அதனால்தான் அந்த ஹோட்டல் பேச்சு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எங்கேயோ குளிர் நாட்டில் டீ குடிக்கிற மனுசிக்கு எங்கள் மேல் அக்கறை இருந்தது, பொய் இல்லை. ஆனால் அவளுக்கு எங்கள் பேச்சுத் தெரியாது. என்னைப் போல ஒருத்தி வாய் வழியாகத்தான் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அவளுக்குக் கோபம் வந்து வாங்காமல் விட்டாலோ முதலில் அடுப்பு அணைவது லயத்தில்தான். அரசாங்கத்து ஆள் அப்படி இல்லை. அவரைத் தெருவில் மறிக்கலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அவரைப் பற்றி ஏசலாம், சட்டம் அவர் கையில் இருக்கிறது. யோசித்தால் அரசாங்கம்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றி என்ன, அந்த அதிகாரி மலைக்கு ஏறவே இல்லையே. ஏறியிருந்தாலும் அவருக்கும் நான்தான் சிங்களத்தில் சொல்லியிருப்பேன்.

ஒரு வருசத்தில் அந்த வேலையை விட்டேன். அக்காவைப் பார்க்கப் போவேன், போகாமல் இல்லை. பிஸ்கட், மீன் டின் ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். சொல்ல வாய் வராது. அவள் ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைக்கார அம்மாவைப் பற்றிப் பேசுவாள், நான் பேச்சை மாற்றுவேன். கைதட்டல் வாங்கிய மறுநாள் பஸ் ஏறிப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நல்ல கண்ணால் பார்த்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், மறுநாள் பெரட்டில் ஏன் வாய் மூடி நின்றேன், எல்லாம்.

கீரையைக் கீழே வைக்கவில்லை. ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"பாத்தேன் புள்ள" என்றாள். "நான் அம்புட்டுச் சொன்னேன், நீ சட்டுன்னு முடிச்சிட்ட. இம்புட்டுத்தானான்னு அப்பவே நெனச்சேன். அப்புறம், இங்கிலீசு அப்படித்தான் போல, சுருக்கமாச் சொன்னா அவங்களுக்கு வெளங்கும், நம்ம புள்ள படிச்ச புள்ளல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. எதையோ யோசித்தவள் திடீரென்று என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது அக்கா."

"ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தாள். "தலைய ஆட்டிட்டுப் போயி ஏமாத்திட்டாளேன்னு, வெளக்கு வச்சுச் சாமி கும்பிடுறப்பல்லாம் அவங்களத்தான ஏசிக்கிட்டு இருந்தேன். இத்தன வருசமா. அவங்களும் புள்ளகுட்டிக்காரியா இருப்பாங்களே."

கண்ணை மூடி, கும்பிட்டு, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். அந்த அம்மாவுக்கு விட்ட சாபத்தைத் திரும்ப எடுக்கிறாள் என்று புரிந்தது. முடித்துவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.