விரிசலம்மாவும் புதுக் கேமராவும்

பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்லும் அலுவலகம் அது. அங்கே பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான், சுவர்களில் விழுந்த விரிசல்களைப் படம் எடுப்பது. சேர்ந்தது என்னவோ தட்டச்சு செய்யத்தான். படம் எடுக்கிறவர் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டபோது, "ஒரு நாள் மட்டும் போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. போகிற இடத்தில் எல்லாம் அவளுக்கு விரிசலம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. "விரிசலம்மா வர்றாங்க, சுவரெல்லாம் ஒழுங்கா நில்லுங்க" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கேமரா ஸ்டாண்டை விரிப்பாள்.

அவளிடம் இருந்தது கைக்குள் அடங்கும் சின்னக் கேமரா. பொத்தான்களின் மேல் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போய்விட்டது. லென்ஸ் மூடி பாதியில் நின்றுவிடும், நகத்தால் லேசாகத் தள்ளினால்தான் திறக்கும். ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதே தரையில் பெயின்டால் வைத்த அதே மூன்று புள்ளிகளில் ஸ்டாண்டின் கால்களை ஊன்றி, அதே தூரத்தில் இருந்து அவள் எடுக்கிற படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இம்மி பிசகாது. நேற்றைய விரிசல் இன்று ஒரு நூல் வளர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.

போன வருடமே அலுவலக இன்ஜினியர் கேட்டார். "இதே கம்பெனியில புது மாடல் வந்திருக்கும்மா. இன்னும் தெளிவா எடுக்குமாம். ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆபீஸ்ல வாங்கிடலாம்."

"வேண்டாம் சார். இந்தக் கேமரா வாங்கி ஆறு வருஷமாச்சு, அத்தனை படமும் ஒரே கண்ணு பார்த்தது. நடுவுல கண்ணை மாத்திட்டா, வளர்ந்தது விரிசலா கேமராவான்னு எப்படிச் சொல்றது?"

பேச்சு அதோடு நின்றது.

இந்த மாதம் லென்ஸ் மூன்று தடவை திறக்காமலே அடம்பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேமரா கடையில் வேலை செய்யும் கொழுந்தனிடம் காட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடையாது. புது மாடல்ல கடைசிப் பீஸ் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் கேட்டு வச்சிருக்கார், சாயங்காலம் வருவார். அதுவரைக்கும் வச்சுப் பாருங்க. அஞ்சு மணிக்கு வேணும், வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு கீறல் விழுந்தாலும் முதலாளி என்னைக் கீறிடுவார்" என்றான்.

அங்கிருந்து நேராக, இரண்டு கேமராக்களோடும், செவ்வாய்க்கிழமைகளில் அவள் படம் எடுக்கப் போகும் நான்கு மாடிக் கட்டடத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி முழுக்கத் தையல் கூடம். நாற்பது மெஷின்கள், நாற்பது பெண்கள், காதைப் பிளக்கும் சத்தம். மூலைத் தூணை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு விரிசல். அதன் பக்கத்தில் அவளே ஒட்டி வைத்த சிறிய அளவுகோல். முதலில் பழைய கேமராவில் எடுத்தாள். பிறகு அதே ஸ்டாண்டில் புதியதை மாட்டி எடுத்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டையும் மடிக்கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினாள்.

பழையதில் வழக்கமான விரிசல், வழக்கமான அளவு. புதியதில் அந்த விரிசலின் மேல் நுனியில் இருந்து இன்னொரு கோடு கிளம்பியிருந்தது. தலைமுடி அளவுதான். வலது பக்கமாகச் சரிந்து, மேல் மாடியைத் தாங்கும் உத்திரம் தூணின் மேல் உட்காரும் இடம்வரை போயிருந்தது.

பழைய படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கினாள். சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், அழுக்கு மாதிரி. போன மாதப் படத்திலும் அந்தத் தீற்றல் இருந்தது. போன வருடப் படத்திலும் இருக்கிற மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இத்தனை நாளாக அங்கே இருந்த கோட்டைத்தான் புதுக் கேமரா இப்போது காட்டுகிறதா? இல்லை, கோடே புதிதா? இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அவள் போன வருடம் வேண்டாம் என்று சொன்னாள்.

இன்ஜினியருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் ஊருக்கு வெளியே வேறொரு கட்டடத்தில் இருந்தார். "நான் வந்து சேர ரெண்டு மணி நேரமாவது ஆகும்மா. புதுசா, பழசா? அதை மட்டும் சொல்லுங்க."

"படத்தை வச்சு சொல்ல முடியல சார்."

"படத்தை விடுங்க. பக்கத்துல போய்ப் பாருங்க."

ஏணியைச் சாய்த்து ஏறினாள். வெறும் கண்ணுக்கு அந்தக் கோடு பெயின்டில் விழுந்த சுருக்கம் போலத்தான் இருந்தது. பையில் இருந்த பிளேடால் மெதுவாகச் சுரண்டினாள். பழைய விரிசல் என்றால் உள்ளே தூசி ஏறிக் கறுத்திருக்கும், புதியது வெள்ளையாக இருக்கும். முதல் ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே கறுப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிளேடை இன்னும் மேலே நகர்த்தினாள். அங்கிருந்து உத்திரம்வரை சுண்ணாம்பு மாதிரி பளீரென்ற வெள்ளை.

வெகு நாளாக இருந்திருக்கிறது. இப்போது ஓட ஆரம்பித்திருக்கிறது.

ஏணியில் இருந்து இறங்கினாள். நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். அவளைவிட வயதில் சிறியவள், எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்கும்.

"மெஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லும்மா. எல்லாரும் கீழ போகணும்."

"என்னக்கா, புதுக் கேமரா வந்ததும் புது விரிசலா?" என்று சூப்பர்வைசர் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகமும் மாறியது. "மூணு மணிக்குச் சரக்கு ஏத்த லாரி வருதுக்கா. லெட்டர் ஏதாவது இருக்கா?"

"இன்ஜினியர் வந்துதான் லெட்டர் தரணும். எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

"அப்ப நான் எதைக் காட்டி நிறுத்துறது? முதலாளி என்னைத்தானே கேட்பார்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விரிசலம்மா தன் குறிப்பேட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்தாள். 'இந்தக் கூடத்தைக் காலி செய்யச் சொன்னது நான்தான்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்து நீட்டினாள்.

"ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா என் வேலை போகும், உன் வேலை போகாது. கிளம்பு."

சூப்பர்வைசர் தாளைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். பிறகு போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். நாற்பது மெஷினும் ஒன்றாக அடங்கியதில் காது அடைத்தது போல் ஆனது. ஓடக்கூடாது, ஐந்தைந்து பேராக இறங்க வேண்டும் என்று விரிசலம்மா படிக்கட்டில் நின்று சொன்னாள். மற்ற மாடிகளில் இருந்தவர்களும் இறங்கினார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டேன் என்று மறுபடி மேலே ஏறப் பார்த்தாள். "செருப்பு எங்கயும் நடந்து போயிடாது, நீ நட" என்று விரிசலம்மா அவளைக் கீழே அனுப்பினாள்.

அடுத்த இரண்டு மணி நேரம் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் நின்றார்கள். கட்டடம் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழிந்ததும் முணுமுணுப்புக் கேட்டது. தையல் கூட முதலாளி போனில் சத்தம் போட்டார். ஒருவேளை நான்தான் பயந்து போய்விட்டேனோ என்ற எண்ணம் அவளையே அரித்தது.

இன்ஜினியர் ஆட்களோடும் இரும்பு முட்டுகளோடும் வந்து சேர்ந்தார். மேலே போனவர், இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்து தரைத்தளக் கடையையும் மூடச் சொன்னார். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து இறுக்கும்போது, மூலையில் இருந்து பூசணிக்காய் அளவுக்கு ஒரு காரைத் துண்டு பெயர்ந்து தையல் மேஜை ஒன்றின் மேல் விழுந்தது. மேஜை இரண்டாகப் பிளந்தது. அந்த மேஜையில் உட்காருகிற பெண் விஷயத்தைக் கேட்டதும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் விரிசலம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணி தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. கொழுந்தனின் அழைப்புகள் வந்து வந்து நின்றன, அவள் எடுக்கவில்லை. இன்ஜினியரே கேமரா கடைக்குப் போன் போட்டு, கேமராவை அலுவலகம் எடுத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன வருஷம் நீங்க வேண்டாம்னு சொன்ன காரணமும் சரிதாம்மா. அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க."

"சரியாத்தான் சார் இருந்தது. சரியா இருந்தும் இவ்வளவு நடக்கப் பார்த்துச்சே, அதான் பயமா இருக்கு."

உத்திரத்தைச் சரி செய்ய ஏழு வாரம் பிடித்தது. தையல் கூடத்தைப் பக்கத்துத் தெருவில் வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவளோ பழைய படங்களை மறுபடி மறுபடி திறந்து, அந்தத் தீற்றல் எந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கியது என்று தேடிக்கொண்டிருந்தாள். கடைசிவரை அது பிடிபடவில்லை. இன்ஜினியர் ஒரு நாள் அந்தக் கோப்பை அவள் கணினியில் இருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவள் முதலில் ஏணியைத்தான் கேட்கிறாள். ஏறி, விரலால் தடவி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் ஸ்டாண்டை விரிக்கிறாள். வேலை முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. யாராவது அவசரப்படுத்தினால் காதில் போட்டுக்கொள்வதில்லை.