பன்னிரண்டு வருஷத் தந்தி

உறவுக்காரர்கள் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் தாய்மாமா. "என்ன தந்தி, இன்னைக்கு என்ன சேதி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் பதினான்கு வயசுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி வேலை வாங்குகிறார்களே, இது அடுக்குமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பல்லைக் காட்ட மட்டும் தெரிந்தது.

விஷயம் இதுதான். அப்பா இரும்புக் கேட் செய்கிற வெல்டர். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா வெளியே போயிருந்த நேரம் அப்பாவின் தங்கை வந்து தையல் மிஷினைக் கேட்டாள். அப்பா தூக்கிக் கொடுத்துவிட்டார். பெண்டாட்டியின் மிஷினாயிற்றே, ஒரு வார்த்தை கேட்போம் என்று இல்லை. அம்மா திரும்பி வந்தபோது ஜன்னலோரம் தரையில் மிஷினின் கால் பதிந்த தடம்தான் இருந்தது. "இனிமே உங்ககூட எனக்குப் பேச்சில்லை" என்றாள். அந்தக் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சு நின்றாலும் வீடு நடக்கவேண்டுமே. தண்ணீர் வராவிட்டால் சொல்லவேண்டும், பூட்டுச் சாவி எங்கே என்று கேட்கவேண்டும். அதற்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. மகளின் வாயை எடுத்துக்கொண்டார்கள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லைன்னு."

இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேஜையில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அப்படியும் அவள் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் காதிலேயே விழாத மாதிரி இருப்பார்கள். அத்தனை வீம்பு.

அவள் கெட்டிக்காரி. சீக்கிரமே பூசி மெழுகக் கற்றுக்கொண்டாள். "அந்த மனுஷனுக்கு மண்டையில ஏதாவது இருக்கான்னு கேளு" என்று அம்மா சொன்னால், "அம்மா கொஞ்சம் யோசிச்சு செய்யச் சொல்றாங்கப்பா" என்பாள். "இவ சமைச்சதை நாய் திங்குமா?" என்று அப்பா சொன்னால், "அப்பாவுக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாத் தெரியுதாம்" என்பாள். சண்டை வராமல் இருந்தால் போதும் அவளுக்கு. ராத்திரி படுக்கும்போது மட்டும் தாடை வலிக்கும்.

படித்து முடித்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் ஆடும், குறைந்தால் பிரேம் விரிசல் விடும். அவள் பொருத்தியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் ஒரு வியாழக்கிழமை கடைக்கார அம்மா அவளைக் கூப்பிட்டு, வேறொரு ஊரில் புதுக்கடை திறப்பதாகவும் லென்ஸ் அறைப் பொறுப்பு முழுக்க அவளுக்கே என்றும் சொன்னாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தங்க இடம் உண்டு. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

"போறியா?"

"அப்பாவுக்கு என்னைத் தனியா அனுப்பப் பிடிக்காது மேடம். அம்மா என்ன நினைப்பாங்கன்னா..."

"நான் உங்கப்பனையும் ஆத்தாளையுமா வேலைக்குக் கேட்டேன்? உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இருபத்தாறு வயசு. அடுத்தவர் மனசில் இருப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தன் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். அன்று லென்ஸ் தேய்க்கிற மிஷின் முன்னால் உட்கார்ந்தவளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் போகவே இல்லை. போகவேண்டும், இந்த வேலை தனக்கு வேண்டும் என்பது அந்தக் கோபத்தோடு சேர்ந்துதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்தபடி, "உங்கம்மாகிட்ட சொல்லு, அதெல்லாம் சரிப்படாதுன்னு" என்றார். அம்மா, "உங்கப்பாகிட்ட சொல்லு, நானும் அதையேதான் சொல்றேன்னு" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். அதையும் இவள் வாயால் இவளே சொல்லவேண்டுமாம். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான்.

அவள் தட்டைத் தள்ளினாள். "சரி, சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். மண்டையில் ஏதாவது இருக்கா என்று அம்மா கேட்டது, நாய் திங்குமா என்று அப்பா சொன்னது, அத்தையைப் பற்றி அம்மா சொன்னது, அதற்கு அப்பா அம்மாவின் பரம்பரையையே இழுத்தது எல்லாவற்றையும், ஒரு பூச்சும் இல்லாமல், அவரவர் சொன்ன வார்த்தையிலேயே கொட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். "எனக்குப் பதினஞ்சு வயசு அப்போ. அப்பா என்னை வாசல்ல கூப்பிட்டு, 'மிஷினைக் கொடுத்தது தப்புதான், உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னாரு. நான் வந்து சொன்னேன். நீ என்னம்மா சொன்ன?"

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. "அதை அவர் வாயால என்கிட்ட சொல்லட்டும்னேன்."

"அப்படிச் சொன்னா அப்பா கத்துவாருன்னு பயந்தேன். அம்மா பரவாயில்லைன்னுட்டாங்கன்னு போய்ச் சொல்லிட்டேன்."

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீ பரவாயில்லைன்னு சொல்லலையா?"

"சொல்லவே இல்லையே. நீங்க வந்து சொல்லுவீங்கன்னு எத்தனை நாள் இருந்தேன் தெரியுமா?"

"பரவாயில்லைன்னுட்டும் பேசாம இருக்காளே, இவளுக்கு இவ்வளவு திமிரான்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்."

பன்னிரண்டு வருஷம் கழித்து நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மகள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏண்டி, உன்னாலதானா இவ்வளவும்?" என்றாள் அம்மா.

"மாத்திச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தா?" என்றார் அப்பா.

எய்தவர்கள் இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்துகொண்டு அம்பை நோகிறார்கள். இதைக் கேட்டு வயிறு எரியாதவன் மனுஷனே இல்லை.

"அப்போ நான் சின்னப் பிள்ளை" என்றாள் அவள். கத்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க. பேசியிருக்க வேண்டியவங்க நீங்க. நான் பண்ணது தப்புன்னா அந்த ஒரு தப்பு என்னோடது. இந்தப் பன்னிரண்டு வருஷம் உங்களோடது. எனக்கு இந்த வேலை வேணும். எனக்குப் போகணும்."

எழுந்து கை கழுவப் போனாள். திங்கட்கிழமை கடைக்கார அம்மாவிடம் வருகிறேன் என்று சொன்னாள்.

அடுத்த வாரம் பெட்டி கட்டினாள். அதற்குள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள், கொஞ்சம் சண்டையாக, கொஞ்சம் சாதாரணமாக. அவளிடம்தான் பேசவில்லை. கிளம்புகிற அன்று அப்பா கதவருகே நின்று, அவளைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லு, போய்ச் சேந்ததும் போன் பண்ணணும்னு."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா சொல்றாரு..."

"நிறுத்தும்மா."

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கொடுக்கவில்லை.

"நான் இங்கதான் நிக்கிறேன். என்கிட்ட சொல்லுங்க."

அப்பா சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார். உதடு இரண்டு முறை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"பண்றேன். ஆனா ஒரே ஒரு போன்தான். யார் எடுத்தாலும் மத்தவங்ககிட்ட நீங்களே சொல்லிக்கணும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். அவள் தெருவுக்கு வருவதற்குள் மேலே, போன் யார் கையில் இருக்கவேண்டும் என்று இரண்டு பேரும் சண்டை பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.