மோட்டார் போடுவது யார்?

நான் வேலை செய்யும் டென்மார்க் காய்கறித் தோட்டத்தில் விற்பவரும் கிடையாது, வாங்குபவர் கண்ணில் படுவதும் கிடையாது. காலையில் பறித்த பீன்ஸையும் பீட்ரூட்டையும் சாலையோர மேசையில் கட்டுக் கட்டாக வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். திரும்பிப் போனால் மேசை காலி. உண்டியல் மாதிரி ஒரு டப்பாவில் காசு கிடக்கும். முதல் கோடையில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் ஒரு கூடை கத்தரிக்காய் விற்பதற்குள் அப்பா நாலு பேரோடு சண்டை போட்டு, அந்த நாலு பேரையும் மாமா, மச்சான் ஆக்கிக்கொள்வார். இங்கே யாரோ வந்துபோன தடம் மட்டும் புல்லில் தெரிகிறது. பேய்க்குக் காய் விற்கிறோமா என்று தோன்றும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மேசையை அல்ல, மோட்டாரை. குறிஞ்சிப்பாடி பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. கொல்லை என்றால் எங்கள் ஊரில் தோட்டம். கோடையில் கத்தரி, வெண்டை, கொத்தவரை. போர் மோட்டாரில் அப்பா ஒரு பெட்டியை மாட்டினார். அதற்குள் சிம் கார்டு. எங்கிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டாலும் மோட்டார் ஓடும். ஓடுகிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். அப்பா நம்பருக்கும் என் நம்பருக்கும் மட்டும்தான் அது கேட்கும். உடம்பு முடியாமல் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மனுஷன் படுக்கையிலிருந்தே தண்ணீர் விட்டார். கொல்லையில் தனியாக இருந்த அம்மா, மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் கண் விழித்துவிட்டார் என்று தெரிந்துகொள்வாள்.

"எனக்கு முடியலன்னா நீ போட்டு வுடும்மா. உங்கம்மாவுக்கு இந்தப் போனெல்லாம் வராது" என்று என்னிடம் சொல்லியிருந்தார். தை மாதம் போய்விட்டார். காரியம் முடிந்து இங்கே திரும்பியதிலிருந்து, காலையில் தோட்டத்தில் இறங்கும் முன் நான்தான் மோட்டார் போடுகிறேன். அம்மாவுக்கு இது தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

தோட்டத்துச் சொந்தக்காரி கிர்ஸ்டன் இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனைக் காதில் வைப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன், வைத்துவிடுவேன். ஒருநாள் என் தோளைத் தொட்டு, "அவர் எடுக்கவே மாட்டாரா? விட்டுவிடு. உனக்கு வேறு நல்லவன் கிடைப்பான்" என்றாள். அட கடவுளே! "அது தண்ணீர்" என்றேன். பாவம், கண்ணீரைச் சொல்கிறேன் என்று நினைத்து, தானும் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள்.

கத்திரி வெயிலில் அம்மா வெண்டைப் பாத்தியில் மயங்கி விழுந்தாள். அவளைக் கையோடு அழைத்துப்போக அக்காவின் வீட்டுக்காரர் சிதம்பரத்திலிருந்து வந்தார். அம்மா கொல்லையை விட்டு அசைய மறுத்துவிட்டாள். மாமா எனக்குப் போன் போட்டார்.

"இன்னாம்மா இது? 'அவரு தெனம் வந்து தண்ணி வுடறாரு, நான் எப்படி வுட்டுட்டு வர்றது'ன்றாங்க உங்கம்மா. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு."

"ஐயோ மாமா, அது நான்தான்!"

"நீயா? அப்ப போடாத. தண்ணி நின்னா அவுங்களே கெளம்பிடுவாங்க. இன்னொரு தரம் வுழுந்தா தூக்க ஆளில்ல."

போடவில்லை. இங்கே கிர்ஸ்டனின் பாத்திகளில் தண்ணீர் சுழன்று தெளிக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு வறண்டது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு அம்மாவை அழைத்தேன். செடி வாடிவிட்டதா என்று கேட்டேன்.

"அது ஏன் வாடுது? காலையில எப்பவும்போல மோட்டார் ஓடுச்சு. இப்பதான் மடை மாத்திவுட்டு வர்றேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் எனக்கே கேட்டது.

அப்பாவின் போன் சிதம்பரத்தில் மாமா வீட்டுப் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. நம்பரை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி சுவிட்ச் கிடந்திருக்கும் என்று மாமா கொல்லைக்கே போய்ப் பார்த்தார். அப்படியும் இல்லை. அதற்குமேல் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அம்மாவிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. "அம்மா, இவ்வளவு நாளா மோட்டார் போட்டது நான். இந்த வாரம் மட்டும் நான் போடல" என்று சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"நீயா... சரி வுடு" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"எதுக்குடி பயம்? அவரும் கண்ணுக்குத் தெரியல, நீயும் கண்ணுக்குத் தெரியல. ரெண்டு பேரும் எங்கியோ இருந்துக்கினு தண்ணி வுடறீங்க. எனக்கு இன்னா வித்தியாசம்? தண்ணி வர்ற வரைக்கும் நான் எங்கியும் வர்ல. யாரு என்னிக்குப் போடறதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க."

உயிரோடு இருக்கிற என்னை அவள் அப்பாவோடு சேர்த்துவிட்டாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

இன்று காலையும் பீன்ஸ் கொடிகளுக்கு நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அழைத்தால், மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் குரல் சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.