ஓவனில் கை வைப்பவர்

காய்ச்சலில் நாக்குச் செத்துக் கிடந்த மனைவி, பத்து நாள் கழித்து வாய்விட்டுக் கேட்டது ஒரு நல்ல சாக்லேட் பிரவுனி. ஓவன் மெக்கானிக்கான கணவர் எந்தக் கடையையும் நம்பவில்லை. “இப்பதான் சுட்டதுண்ணே” என்பார்கள். இவர் ஓவனில் கை வைத்துப் பார்ப்பார், ஜில்லென்றிருக்கும். அப்படியே ஐந்து கடை ஏறி இறங்கினார்.

ஆறாவது கடையில் ஓவன் கொதித்தது.

“இன்னைக்குச் சுட்டதாம்மா?”

“நேத்துதுண்ணே. உள்ள வேகுறது ரொட்டி. பிரவுனி மறுநாள்தான் ருசி” என்றாள் கடைக்காரி.

இதிலும் ஏதோ தந்திரம் இருக்கும் என்று முறைத்தபடியே இரண்டு வாங்கினார்.

வீட்டில் மனைவி ஒன்றை மிச்சமில்லாமல் தின்று முடித்தாள்.

“இன்னொன்னைக் குடு, சோதிச்சுப் பாக்கணும்” என்று கணவர் கை நீட்டினார்.

“நீங்க சந்தேகப்பட்டுக்கிட்டே இருங்க” என்று அவள் அதையும் கடித்தாள்.