சம்பளக் கோப்பைத் திறந்தவர்

அன்று காரமடை நூற்பாலை அலுவலகத்தில் நானும் கணக்கு அக்காவும் இருந்தோம். மேலாளர் ஊரில் இல்லை. கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் என்ற புது இயங்குதளம் ஏற்றியதிலிருந்து, சம்பளக் கோப்பைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. மாலையில் சம்பளம் போட்டாக வேண்டும்.

கோவையிலிருந்து மொபெட்டில் சர்வீஸ்காரர் வந்தார். குண்டான உடம்பு, காதில் செருகிய பேனா. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் திரையிடம், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்பார்.

"எல்லாருக்கும் தொறந்து உட்டுப்போடுங்க," என்றார் அக்கா.

"உட்டா, இந்தத் தம்பி அவரு சம்பளத்த ரெட்டிப்பாக்கிப் போடுவாருங்க!"

என்னை அவ்வளவு கெட்டிக்காரனாக வீட்டில்கூட யாரும் நினைத்ததில்லை.

திருத்தும் உரிமை அக்காவுக்கு, பார்க்க மட்டும் எனக்கு என்று மாற்றினார். கோப்பு திறந்தது, எல்லோருக்கும் சம்பளம் கிடைத்தது. இயந்திரத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று கேட்கத் தோன்றவில்லை. ஆலைக்கு ஆன செலவு இருநூறு ரூபாய். சர்வீஸ்காரர் கிளம்பும்போது தின்ற தேங்காய் பன்னுக்கு அக்கா தந்த மூன்று ரூபாய் தனி.